என் பெயரில் எடுத்த புத்தகம்

மங்கலம்பேட்டை
27.7.2024

அன்புக்கரசி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன குறை இருக்கப் போகிறது? அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். மூன்று வாரமாகக் கல்லூரிப் பக்கமும் தலைகாட்டவில்லை. எம்.ஏ. வரலாற்றில் நாம் இருப்பதே பதினோரு பேர். நீ வரவில்லை என்றால் செல்வநாயகி மேடம் என்னைத்தான் கேட்கிறார், "உன் ஜோடி எங்கம்மா போயிட்டா?" என்று. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசியில் தபால் ஆபீசுக்குப் போய்க் கவர் வாங்கி வந்தேன். அங்கிருந்தவர் "யாருக்கும்மா?" என்று கேட்டார். சிநேகிதிக்கு என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை ஆறாம் தேதி நீ, நான், திலீபன் மூன்று பேரும் ஆய்வேட்டுக்குக் குறிப்பெடுக்கக் கடலூர் போனோமே, அந்த அறக்கட்டளை நூலகத்திலிருந்து கல்லூரிக்குப் புகார் வந்திருக்கிறது. மர்ஜானா என்ற மாணவி தன் பெயரில் எடுத்த பழைய நிலப் பட்டியல் புத்தகத்தைச் சேதப்படுத்திவிட்டாளாம். என்ன சேதம் என்றுகூட எழுதவில்லை. ஆகஸ்ட் 21 விசாரணை. குற்றம் என்று முடிவானால் என் ஆய்வேடு ரத்து, இந்த வருஷம் எம்.ஏ. கிடையாது. நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதிவிடுவார்களாம். அதை எடுத்துக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் டீச்சர் வேலை கேட்பேன்?

அந்த நாளைக் கொஞ்சம் நினைத்துப் பார். நீயும் திலீபனும் ஒரே ஊர், ஒரே பஸ்ஸில்தான் வந்தீர்கள். நீ முன்சீட்டில், அவன் பின்படியில். விருத்தாசலம் பாலக்கரையில் இறங்குகிற வரைக்கும் அவனைத் தெரியாதவள் போலத்தான் வருவாய். ஊர்க்காரர் கண் அப்படி, காலனிப் பையனோடு பேசினால் பேச்சு வரும் என்பாய். விருத்தாசலத்தில் ரயில் ஏறியதும் மூன்று பேரும் ஒரே பெஞ்ச். தன் தங்கச்சி கதையைச் சொல்லி நம்மைச் சிரிக்க வைத்தான். "ஏழாவது படிக்குது, வீராயின்னு கெழவி பேர வச்சிட்டீங்கன்னு டெய்லி அழுவுது. எங்க வூட்ல தலைமுறைக்கு ஒரு வீராயி இருக்கணுமாம், என்ன பண்றது?" மத்தியானம் நூலகப் படியில் உட்கார்ந்து அவன் டப்பாவிலிருந்து கருவாட்டுக் குழம்பை நீதான் வழித்துத் தின்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

நூலகர் பாண்டியன் சார் வாசலிலேயே சொல்லிவிட்டார். பை வெளியே, போன் வெளியே, பென்சிலும் நோட்டும் மட்டும் உள்ளே, ஆளுக்கு இரண்டு புத்தகம். சீட்டெல்லாம் நான்தான் எழுதினேன். ஸ்காலர்ஷிப் படிவத்திலிருந்து பரீட்சை விண்ணப்பம் வரைக்கும் மூன்று பேருக்கும் என் கைதானே. "உன் எழுத்து அச்சு மாதிரி இருக்குது, நீயே எழுதுடி" என்று தள்ளிவிடுவாய். திலீபன் இரண்டு புத்தகம் எடுத்துவிட்டான், மூன்றாவதாகப் பஞ்சமி நிலப் பட்டியல் வேண்டும் என்றான். அவன் ஆய்வே அதுதான், வெள்ளைக்காரன் காலத்தில் அவன் ஜனங்களுக்கென்று ஒதுக்கி, வேறு யார் வாங்கினாலும் செல்லாது என்று சட்டம் போட்ட நிலம். என் ஆய்வுக்கான பீங்கான் தொழிலைப் பற்றி அங்கே இருந்ததே ஒரு புத்தகம். மிச்சம் இருந்த என் சீட்டில் அவனுக்காக எடுத்தேன். ஆனால் புத்தகம் வந்ததும் முதலில் கையில் வாங்கியது நீ. "எங்க ஊரு இதுல வருதான்னு பாக்கறேன்" என்றாய். கொஞ்ச நேரத்தில் உனக்கு இருமல் வந்து, நான் கீழே பானைத் தண்ணீர் கொண்டுவர ஓடினேன். அதற்குப் பிறகு நீ சரியாகப் பேசவே இல்லை. தலைவலி என்றாய். சில்வர் பீச் போகலாம் என்று வைத்திருந்ததும் போச்சு. திரும்புகிற ரயிலில், எழுதாமல் விட்டதைப் பார்க்கிறேன் என்று என் நோட்டை வாங்கிக்கொண்டாய், நான் தூங்கிவிட்டேன்.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. நீ வந்து, புத்தகம் எங்கள் மூன்று பேர் கையிலும் இருந்தது, மர்ஜானா அதைத் திறக்கக்கூட இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. அது போதும்.

மர்ஜானா


கம்மாபுரம்
2.8.2024

மர்ஜி,

உன் கடிதம் கிடைத்தது. எடுத்த எடுப்பிலேயே நலமா என்று கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சரி, கேட்க வேண்டாம். எனக்குக் காய்ச்சல் வந்தது, போனை அண்ணன் வாங்கி வைத்திருக்கிறது, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? உனக்கு உன் கவலை.

இங்கே என்ன நடக்கிறது என்று ஒரு வரி கேட்டாயா? நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்க எங்கள் பக்கம் அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூலப் பத்திரம் எங்கே என்கிறார்கள். அப்பா டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடிக்கொண்டிருக்கிறார். நிலம் போனாலும் வீட்டில் ஒருத்தருக்கு வேலை கிடைக்கும் என்று பேச்சு. அது கிடைத்தால்தான் மாணிக்கவேல் அண்ணன் செராமிக் எஸ்டேட்டை விட்டு வெளியே வரும். உன் ஆய்வேட்டுக்காக அண்ணன்தானே உன்னை எஸ்டேட் முழுக்கக் கூட்டிப் போய்க் காட்டியது? அந்த வெள்ளைத் தூசியில் பத்து வருஷமாக நிற்கிறது. ராத்திரி பகல் இல்லாமல் இருமுகிறது. உன் ஆய்வேட்டில் அதை எழுதினாயா?

நிலம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது மர்ஜி. உன் அத்தா ஷார்ஜாவில், நீங்கள் மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில். உங்கள் வீட்டில் கடைசியாகச் சேற்றில் கால் வைத்தது யார்?

நூலகத்துக்காரர்களையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தாள் போனதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அந்தப் புத்தகமே தொட்டால் உதிர்கிற கதியில் இருந்தது. தானாகக்கூட விழுந்திருக்கும். அதுவும் இல்லாமல், அந்தப் புத்தகத்தைக் கேட்டது திலீபன். பிறகு சாயங்காலம் வரை வைத்திருந்ததும் அவன். அவனை ஒன்றும் கேட்காமல் எனக்குக் கடிதம் எழுதுகிறாய். நல்ல நியாயம்.

இப்போது என்னால் விருத்தாசலம் வர முடியாது. வீட்டில் விட மாட்டார்கள். கோபித்துக்கொள்ளாதே. மறுபடி எழுதினால் கவரில் அனுப்புநர் இடத்தில் வரலாற்றுத் துறை என்று போடு. ஆபீஸ் கவர் என்றால் அண்ணன் பிரிக்காது.

அன்பு


மங்கலம்பேட்டை
6.8.2024

அன்பு,

வரலாற்றுத் துறை என்று போட்டுத்தான் அனுப்புகிறேன். என் பெயர் உனக்குப் பயன்படாத இடமும் ஒன்று இருக்கிறதே, ஆச்சரியம்தான்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சேற்றில் கால் வைத்தது யார் என்று கேட்டாய். நியாயமான கேள்விதான், எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அண்ணன் இருமலை எழுதினாயா என்று கேட்டாய். மூன்றாவது அத்தியாயமே அதுதான். பெயரை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறேன், அண்ணன் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று. இந்த விசாரணையில் அந்த அத்தியாயமும் சேர்ந்துதான் குப்பைக்குப் போகப் போகிறது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நோட்டீசில் 'சேதம்' என்றுதான் இருக்கிறது. நானும் உனக்கு அதையேதான் எழுதினேன். அட்டை பிய்ந்ததா, மை கொட்டியதா, எனக்கே தெரியாது. ஒரே ஒரு தாள் என்று உனக்கு யார் சொன்னது?

எனக்கு அது தெரிந்ததே இந்த மாசம் ஒன்றாம் தேதி, திலீபன் வீட்டுக்கு வந்தபோது. கடலூரில் எழுதிய நோட்டைக் காட்டினான். ஊர் ஊராக வரிசையாக எழுதிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தியிருக்கிறான். 'பக்கம் 111, 112 இல்லை. நம்ம ஊர் அதில்தான் வரணும்.' அதன் கீழே ஒரு கோடு. "அப்பவே ஏன்டா சொல்லல?" என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், "அன்புக்கரசி பக்கத்துல இருந்தாங்க. எங்க ஊரு நெலத்தப் பத்தி அவங்க முன்னாடி எப்பிடி பேசறது? பழைய புக்கு, எப்பவோ போயிருக்கும்னு விட்டுட்டேன்." என்னை நீ, வா, போ என்பவன் உன்னை மட்டும் எப்போதும் அவங்க, வாங்க என்பான். அவனுக்கு அந்த ரயில் பெஞ்சிலும் நீ ஊர்த்தெருப் பெண்தான். இது எனக்கு இரண்டு வருஷமாக உறைக்கவே இல்லை பார்.

பாண்டியன் சார் பழைய புத்தகங்கள் யார் கைக்காவது போய்விட்டு வந்தால் அந்த வாரக் கடைசியில் பக்கம் எண்ணி வைப்பாராம். ஜூன் மாதம் எண்ணியபோது முழுசாக இருந்தது. ஜூலையில் எடுத்தது நான் ஒருத்தி. அதனால் தானாக விழுந்தது என்ற கதையெல்லாம் வேண்டாம்.

இன்னொன்றும் கேள். நேற்று மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ஏம்மா, அந்த புக்கு அந்தப் பையனுக்குத்தான வேணும்? அவன் கிழிச்சத நீ பாத்தேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு. உன்மேல ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்." எவ்வளவு சுலபம் பார். நீ சொன்னதையேதான் மேடமும் சொல்கிறார். நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. பழி போட ஆள் வேண்டும் என்றதும் எல்லோருக்கும் அவன் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேடத்துக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

ராத்திரி அத்தா கூப்பிட்டார். பத்தொன்பது வருஷமாக அங்கே வண்டி ஓட்டுகிறார், ரூமில் இருக்கிற எல்லோரிடமும் எம்பொண்ணு லெக்சரர் ஆவப் போவுது என்று சொல்லி வைத்திருக்கிறார். "விசாரணைன்னா என்னம்மா? போலீஸா?" என்று கேட்டார். இல்லத்தா, காலேஜ்தான் என்றேன்.

பூசி மெழுகாமல் எழுது. உன் பெயரில், உன் கையெழுத்தில், மேடத்துக்கு ஒரு பக்கம். 21-ஆம் தேதிக்கு முன்னால்.

மர்ஜானா


8.8.2024

மர்ஜி,

கடிதம் வந்தது. எழுதுகிறேன். கொஞ்சம் பொறு. வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்பு


கம்மாபுரம்
14.8.2024

மர்ஜி,

மூன்று தடவை எழுதி மூன்றையும் அடுப்பில் போட்டேன். இது நான்காவது. மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். உன் எழுத்து மாதிரி எனக்கு வராது.

நான்தான். நீ கண்டுபிடித்தது சரி. போனை அண்ணன் வாங்கியது என்று எழுதியதும் பொய். நான்தான் உன்னை பிளாக் செய்தேன். உன் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்று பயம்.

சும்மாதான் மர்ஜி அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். எங்கள் ஊர் பெயர் அச்சில் இருப்பதைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. வரிசையாகப் பெயர், சர்வே நம்பர், எவ்வளவு நிலம் என்று. ஐந்தாவது வரியில் 198/2. எங்கள் பம்ப்செட் ரூம் சுவரில் அப்பா நீலப் பெயிண்டில் பெரிசாக எழுதி வைத்திருக்கிற நம்பர் அது. ஒன்று இரண்டு படிக்கிறதற்கு முன்னாலேயே நான் அதைப் பார்த்துப் பார்த்து மண்ணில் எழுதிப் பழகியவள். வேறு எந்த நம்பராக இருந்தாலும் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போயிருப்பேன்.

அதற்கு நேராக வீராயி என்று இருந்தது. காலையில்தான் ரயிலில் அவன் தங்கச்சி கதையைச் சொல்லிச் சிரித்தான். தலைமுறைக்கு ஒரு வீராயி என்று. மர்ஜி, நாங்கள் எப்போது வாங்கினோம், யாரிடம் வாங்கினோம், எதுவும் எனக்குத் தெரியாது. நான் பிறந்ததிலிருந்து அது எங்கள் நிலம், அவ்வளவுதான் தெரியும். இன்னும் பத்து நிமிஷத்தில் திலீபன் அந்தப் பக்கத்துக்கு வருவான். பார்த்தால் போதும், பத்திரம் செல்லாது, அண்ணனுக்கு வேலை இல்லை, அப்பா தெருவில் நிற்பார். எனக்கு அது மட்டும்தான் மனசில் ஓடியது. அண்ணன் இருமுகிற மாதிரியே இருமினேன். உன்னைத் தண்ணிக்கு அனுப்பத்தான் இருமினேன். நீ படியில் இறங்கினாய், நான் இருமிக்கொண்டே கிழித்தேன். சத்தம் வெளியே கேட்கவில்லை. நீ தண்ணீர் கொண்டுவந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாயே, அப்போது தாள் என் துப்பட்டாவுக்குள் இருந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். வெளியே வரும்போது பாண்டியன் சார் எல்லோருடைய நோட்டையும் உதறிப் பார்த்தார். உன் நோட்டை மட்டும் திறந்து, கையெழுத்தைப் பார்த்துச் சிரித்து, அப்படியே கொடுத்துவிட்டார். காலையில் சீட்டில் உன் எழுத்தைப் பார்த்து மெச்சியதிலிருந்தே, அவர் உன்னைச் சந்தேகப்பட மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன் நோட்டின் கடைசி அட்டை உறைக்குள் வைத்திருந்தேன். ரயிலில் நீ தூங்கியதும் எடுத்துக்கொண்டேன்.

அதைத் திலீபன்மேல் சொன்னதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். எரிக்க மனசு வரவில்லை. எத்தனையோ தடவை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அந்தப் பெயரைப் பார்த்தால் அவன் தங்கச்சி முகம் வருகிறது. ஆனால் மேடத்துக்கு எழுத என்னால் முடியாது மர்ஜி. என் பெயர் வெளியே வந்தால் ஏன் கிழித்தாள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நேராக எங்கள் வீட்டுக்கு வரும். அப்பா என்னைக் கொன்றே போட்டுவிடுவார். விசாரணையில் நீ இப்படிச் சொல்லிவிடேன், 'தாள் தானாக விழுந்து என் நோட்டுக்குள் மாட்டிக்கொண்டு வந்துவிட்டது, இப்போதுதான் பார்த்தேன்.' பாண்டியன் சாருக்கு உன்மேல் நல்ல எண்ணம் உண்டு, ஒன்றும் சொல்ல மாட்டார். உன் நோட்டில் இருந்தது என்பது முழுப் பொய்யும் இல்லையே.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு. கையெழுத்துப் போடவில்லை. உனக்குத் தெரியும் யார் என்று.


மங்கலம்பேட்டை
23.8.2024

அன்புக்கரசி,

கடிதமும் தாளும் பதினேழாம் தேதி வந்தன. கவரைப் பிரித்ததும் மடித்த தாள் என் மடியில் விழுந்தது. நான்கு நாள் கழித்து விசாரணை, திருட்டுப்போன பொருள் என் வீட்டில். எவ்வளவு யோசித்து அனுப்பியிருக்கிறாய். யோசிக்காமல் அனுப்பியிருந்தால் அது இன்னும் மோசம்.

உன்னைத் திட்ட நிறைய எழுதினேன். அதையெல்லாம் இங்கே சேர்க்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். உன் நிலத்துக்காகப் பயந்து கிழித்தாய், அது எனக்குப் புரிகிறது. உன் இடத்தில் நானும் பயந்திருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாயே, அதுதான் எனக்குப் புரியவே இல்லை. தண்ணீர் எடுக்கப் படியில் இறங்கி ஓடியதை நினைத்தால் எனக்கு என் கால்களின்மேலேயே வெறுப்பு வருகிறது.

பத்தொன்பதாம் தேதி திலீபனைப் பாலக்கரை டீக்கடைக்கு வரச் சொன்னேன். தாளைக் கொடுத்தேன். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்து ஐந்தாவது வரியில் நின்றான். டீ ஆடை கட்டிப்போனது. கோபப்படுவான், அழுவான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டும் இல்லை. "இத யாரு குடுத்தா?" என்றான். உன் கடிதத்தை நீட்டினேன். ஆமாம், காட்டினேன். எரிக்கச் சொன்னாய், அவனுக்குக் காட்டாதே என்று சொல்லவில்லை.

இரண்டு தடவை படித்தான். பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படித்துக்கொள்.

"மர்ஜானா, இந்த லெட்டர மட்டும் விசாரணையில காட்டாத. நெலத்துக்கு மனு போடறதா வாணாமான்றது எங்க தெருவு பேசி முடிவு பண்ண வேண்டியது. அது சண்டையா வந்தாலும் நெலத்துச் சண்டையாத்தான் வரும். இது வெளிய வந்தா அப்பிடி வராது. ஊர்த்தெருப் பொண்ணு, காலனிப் பையன், கடலூரு வரைக்கும் ஒண்ணா போனாங்க, ஒரே டப்பாவுல சாப்பிட்டாங்கன்னு கத வேற மாதிரி போவும். எந்தங்கச்சி டெய்லி அவங்க பம்ப்செட்டு ஓரமாத்தான் ஸ்கூலுக்குப் போயிட்டு வருது. வேற வழி கெடையாது."

"அப்ப நான்?" என்று கேட்டேன். வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவன் தாளையும் கடிதத்தையும் மடித்து என் பக்கம் நகர்த்தினான், எடுத்து வைத்துக்கொண்டேன். உன் கடிதம் என் பையில் இருந்தது. அதைக் காட்டினால் நான் தப்பித்துவிடுவேன், மாட்டிக்கொள்வது நீகூட இல்லை, ஏழாம் வகுப்பு படிக்கிற ஒரு சின்னப்பெண்.

எனவே விசாரணையில் நீ சொல்லிக் கொடுத்ததையே சொன்னேன். தாள் என் நோட்டில் இருந்தது. தானாக விழுந்தது என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு பொய்யையாவது உனக்காகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாண்டியன் சார் வந்திருந்தார். கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ்ளோ அழகா எழுதற கையாம்மா இது?" என்று மட்டும் கேட்டார். மேடம் என்னைப் பார்க்கவே இல்லை, அவருக்கு அந்த இரண்டு வரி கிடைக்காத கோபம். ஆய்வேடு ரத்து. அடுத்த ஜூனில் மறுபடி சேரலாம், சேர விட்டால். சான்றிதழில் எழுதுவதை எழுதத்தான் போகிறார்கள். அந்த நூலகத்தில் இனி எனக்கு அனுமதி இல்லை.

ராத்திரி அத்தா கேட்டார், "யாரு பேர்லம்மா புக்கு எடுத்த?" என் பேர்லதான் அத்தா, என்றேன். அவர், வண்டி எடுக்கணும், வைக்கிறேன் என்றார்.

உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்காக ஒரு சுண்டுவிரலைக்கூட நான் அசைக்கவில்லை. நேற்று திலீபன் கடலூர் போனான். பாண்டியன் சார் தாளை மைதா பசை வைத்துப் புத்தகத்தில் ஒட்டிவிட்டாராம். 111, 112 அதன் இடத்தில் இருக்கிறது. சான்றிட்ட நகல் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். அவன் கையால், அவன் பெயரில். எழுத்து கோழி கிறுக்கிய மாதிரி இருந்திருக்கும், ஆனாலும் அவன் எழுத்து. நகல் வந்த பிறகு என்ன நடக்கும் என்பது உங்கள் இரண்டு தெருவின் பாடு. உன் அப்பாவிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. அண்ணன் இருமலுக்கு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். இதை நான் மனசார எழுதுகிறேன், மற்றதையெல்லாம் எந்த மனசோடு எழுதினேன் என்று தெரியவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

உன் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை, போனில் படமும் பிடிக்கவில்லை. எரித்துவிடு என்று எழுதியிருந்தாய். தாளைக் கிழித்தவள் என்று கல்லூரி முழுக்க என்னைச் சொல்கிறார்கள். அதற்காகவே சொல்கிறேன், என் கையால் ஒரு தாளையும் நான் அழிக்க மாட்டேன். உனக்கு வேண்டாம் என்றால் நீயே கிழித்துக்கொள். இருமிக்கொண்டே செய், வெளியே கேட்காது.

மர்ஜானா